பாறை மேல் பூத்த நிறங்கள்

மகாராஷ்டிரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூன்று காரியங்களுக்கு உரிய நாளாகும். சந்தைக்குப் போதல், கோயிலுக்குப் போதல், ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினரை எங்கேனும் அழைத்துச் செல்லுதல் என்பன அவை. மூன்றாவது காரியம் நேரும்போதுதான், 'இம்முறை எங்கே போவது?' என்ற வினா எழுகின்றது. லோணாவளாவும் மகாபலேசுவரமும் பலமுறை பார்த்தாகிவிட்டன. கடைத்தெருவையும் கூட்டத்தையும் காண்பதற்கு மலை ஏற வேண்டியதில்லை.

ஆவணியின் பிற்பகுதியிலும் புரட்டாசியிலும் அவ்வாறு கேட்போருக்கு நாம் சொல்லக்கூடிய விடை ஒன்று உண்டு. சாத்தாரா நகருக்கு மேற்கே காஸ் என்னும் மலைமேடை இருக்கின்றது. புனேயிலிருந்து காலையில் காரில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவு. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் அங்கே நிலம் ஊதாவாகவும், மஞ்சளாகவும், வெண்மையாகவும், இளஞ்சிவப்பாகவும் நிறம் மாறிக் கிடக்கும். அந்நிறங்கள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றைக் காத்து நிற்போர் யாவர், அம்மலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களின் வரலாறு யாது என்பவற்றை ஒருங்கே அறிந்து செல்வோமாயின் அந்த ஒரு நாள் வீணாகாது.

சாலையும் ஆறும்

புனேயிலிருந்து சாத்தாரா ஏறத்தாழ 110 கிலோமீட்டர். தில்லியில் தொடங்கிச் சென்னையில் முடியும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இப்பகுதி அமைந்துள்ளது. திரும்பாமல் நேரே போனால் கோலாப்பூர், பெலகாவி, பெங்களூரு வழியாக நம் ஊரையே அடைந்துவிடலாம் என்ற நினைவு, இச்சாலையில் செல்லும் தமிழருக்கு ஒரு சிறு மகிழ்ச்சியைத் தருவது இயல்பே. விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால் நகரத்தின் நெரிசலுக்கு முன்பே வெளியேறிவிடலாம். சிர்வல் அருகே நீரா நதி குறுக்கிடும். பின்பு கம்பாட்கி மலைச்சாலை. அதைக் கடந்ததும் இருமருங்கிலும் வயல்கள்; தொலைவில் உச்சி தட்டையான மலைகள்.

புயிஞ்ச் என்னும் ஊரின் அருகே ஒரு பாலம் வரும். அதன் கீழே ஓடுவது கிருஷ்ணா நதி. மகாபலேசுவரத்தில் பிறந்து இன்னும் நெடுந்தொலைவு வந்திராத இளம் ஆறு. கிழக்கே இவ்வளவு பெரிய நதியாகப் போகிறதென்று இங்கே நின்று பார்ப்பவர் நம்புவது அரிது. சென்னைக் குடிநீருக்கென்று 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கிலிருந்து ஆண்டுக்கு 500 கோடி கன அடி நீர் தர இசைந்தன. 1983-இல் ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் ஏற்பட்டது. 1996-இல் அந்நீர் பூண்டி நீர்த்தேக்கத்தை வந்தடைந்தது. ஆகவே இம்மலைகளில் பெய்யும் மழை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

சாத்தாராவும் அத்தகையதே. அஜிங்கியதாரா என்னும் கோட்டையின் அடிவாரத்தில் அமைந்த இந்நகரம், சிவாஜியின் பேரரான சாகு மன்னர் 1708-இல் முடிசூடிய இடம். சிவாஜியின் தம்பி முறையினரான ஏகோஜியின் வழியினர் அக்காலத்தில் தஞ்சாவூரை ஆண்டுவந்தனர். 1848-இல் நேர் வாரிசு இல்லை என்று காரணம் காட்டிச் சாத்தாரா அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் எடுத்துக்கொண்டனர். 1855-இல் ஆண் வாரிசின்றித் தஞ்சை மன்னர் மறைந்தபோது அங்கும் அதே முடிவு நேர்ந்தது. ஒரே குலத்தின் இரு கிளைகள் ஏழாண்டு இடைவெளியில் ஒரே விதமாக ஓய்ந்தன. தஞ்சைச் சரஸ்வதி மகாலில் மராத்தி ஏடுகள் இருப்பதன் காரணத்தைக் குழந்தைகளுக்குச் சொல்ல, சாத்தாராவில் சிற்றுண்டி அருந்தும் நேரம் போதும். இந்நகரத்துக்குப் பெயர்பெற்ற கந்திப் பேடாவையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.

மேடையின் தோற்றம்

சாத்தாராவிலிருந்து மேற்கே யவதேசுவரம் என்ற மலையூர் வழியாகச் சாலை ஏறுகின்றது. சுமார் 25 கிலோமீட்டரில் காஸ் மேடையை அடைவோம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். மலை என்றால் கூரிய சிகரத்தை எதிர்பார்ப்போர் இங்கே வியப்படைவர். மலையின் தலையை யாரோ சீவி எடுத்தாற்போல் பரந்த சமதளம். அதன்மேல் காற்றும் மேகமும் தடையின்றி உலவும். ருத்ராட்ச மரத்தின் இனத்தைச் சேர்ந்த காஸா என்னும் மரத்தினால் இவ்விடத்துக்குக் காஸ் என்ற பெயர் வந்தது என்பர்.

முதன்முறை வருவோர் செய்யத் தக்கது ஒன்றுண்டு. காரிலிருந்து இறங்கியவுடன் தொலைவை நோக்காமல், அனுமதிக்கப்பட்ட பாதையின் ஓரத்தில் குந்தி அமர்ந்து ஒரு சாண் நிலத்தை உற்று நோக்க வேண்டும். தூரத்தில் ஊதாக் கம்பளமாகத் தெரிந்தது, அருகில் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய மலர்களின் கூட்டம் என்பது அப்போது விளங்கும். ஒவ்வொரு மலரும் தனித்தனியே சிறிது. சேர்ந்து நிற்கும்போது நிலத்தையே மூடிவிடுகின்றன. பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய 850 வகைகள் இப்பகுதியில் உள்ளன என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு.

வறுமையில் பிறந்த வண்ணம்

இத்தனை பூக்கள் பூப்பதால் மண் மிக வளமானதாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. அதுவே கருங்கல்லாகி இம்மலைகள் ஆயிற்று. பின்னர் நெடுங்காலம் பெய்த பெருமழை, மேலிருந்த பாறையின் கரையக்கூடிய சத்துகளையெல்லாம் கழுவிச் சென்றது. கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சி, துளைகள் நிறைந்த சிவந்த கல்லாக இறுகின. இதனைச் செம்புரைக்கல் என்கிறோம். மலையாள நாட்டில் வெட்டுக்கல் என்று சொல்லி வீடு கட்டுவர். காஸ் மேடை முழுவதும் இக்கல்லினால் ஆன மூடி. அதன்மேல் மண் பல இடங்களில் விரற்கடை அளவே உள்ளது; சில இடங்களில் அதுவும் இல்லை.

மண் இவ்வளவு மெலிதாக இருப்பதால் மரம் வேரூன்ற முடிவதில்லை. மழைக்காலத்தில் நீர் வடிய வழியின்றித் தேங்குகின்றது. மழை ஓய்ந்து சில வாரங்களில் பாறை சுடுகின்றது. தழைச்சத்து மிகக் குறைவு. பெருமரமும் ஓங்கிய புதரும் வாழ இயலாத இடத்தில்தான் சிறு செடிகளுக்கு வெயிலும் இடமும் கிடைக்கின்றன. நிலம் செழிப்பாக இருந்திருந்தால் இங்கே அடர்ந்த காடு இருந்திருக்கும்; இந்தப் பூக்கள் இருந்திரா.

வறுமையைத் தாங்க ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு வழியைக் கைக்கொண்டுள்ளது. ஊதா நிறக் கம்பளம் விரிப்பது ஒரு பூச்சியுண்ணிச் செடி. மராத்தியர் இதனைச் 'சீதையின் கண்ணீர்' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கண்ணீர் என்ற பெயர் மென்மையானது. வேரிடத்தில் நடப்பது வேட்டை. ஈர மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய பைகள், அருகில் வரும் சிற்றுயிர்களை நீரோடு உறிஞ்சிச் செரிக்கின்றன. தமிழில் அழுகண்ணி என்று வழங்கும் செடியும் இங்கே உண்டு. அதன் இலையில் பனித்துளிபோல் மின்னுவது பசை. அமர்ந்த பூச்சி எழுவதில்லை. மண் கொடுக்காத சத்தை இவை உயிரிலிருந்து பெறுகின்றன.

மஞ்சள் நிறத்தைப் பரப்பும் கவலா என்னும் செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது யாரையும் வேட்டையாடுவதில்லை. தன் வேர் முடிச்சுகளில் நுண்ணுயிர்களுக்கு இடங்கொடுத்து, அவை காற்றிலிருந்து எடுக்கும் தழைச்சத்தைப் பெற்றுக்கொள்கின்றது. வாய்துரா என்னும் மற்றொரு செடி, நம் ஊர்க் குளங்களில் காணும் கொட்டிக்கிழங்கின் இனம். மழை நின்றதும் இலையையும் தண்டையும் இழந்து, கிழங்காகப் பூமிக்குள் உறங்கி, அடுத்த மழைக்கு எழுகின்றது. அதன் அறிவியற் பெயரிலேயே சாத்தாரா இடம்பெற்றுள்ளது. இளஞ்சிவப்பு நிறத்தில் காண்பது காசித்தும்பையின் உறவினம். வெள்ளைப் பொத்தான்களை இறைத்தாற்போல் நிற்பதைக் 'கேந்த்' என்கின்றனர்.

இவையெல்லாம் ஒரே நாளில் பூப்பதில்லை. மழையின் அளவையும் வெயிலின் அளவையும் பொறுத்து ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துப் பூக்கின்றன. இந்த வாரம் ஊதாவாகக் கண்டவர் இரு வாரம் கழித்து வந்தால் மஞ்சளாகக் காணலாம். ஆகவே, 'நண்பர் சொன்ன நிறம் இல்லையே' என்று மனம் சலிக்க வேண்டியதில்லை.

நமக்கு மிக நெருங்கிய செடி ஒன்றும் இங்கே இருக்கின்றது. அது கார்வி. நம் குறிஞ்சியின் இனத்தது. கொடைக்கானலிலும் மூணாற்றிலும் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கப்படுகின்றது. இங்குள்ள கார்வி வகைகள் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூக்கின்றன. பழனி மலையும் இந்தச் சாத்தாரா மலையும் மேற்குத் தொடர் என்னும் ஒரே நெடுஞ்சுவரைச் சேர்ந்தவை. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்ற மேற்குத் தொடரின் 39 இடங்களில் காஸ் மேடையும் உண்டு. நம் களக்காடு - முண்டந்துறையும் முக்கூர்த்தியும் உண்டு.

காலடியும் காவலும்

அரசாங்க ஏடுகளில் இத்தகைய நிலத்தைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் 'தரிசு' என்பது. பயிர் விளையாத, வரி தராத பாறைநிலம் என்பது அதன் பொருள். அவ்வேடுகளைத் தமிழாக்கும் தொழிலில் உள்ள நமக்கு அச்சொல் பழகிய ஒன்று. காஸ் மேடையில் நிற்கும்போது, அச்சொல் நிலத்தின் இயல்பைச் சொல்லவில்லை, நாம் அதனிடம் எதிர்பார்த்ததை மட்டுமே சொல்கின்றது என்பது தெளிவாகின்றது.

விரற்கடை அளவு மண்ணில் வாழும் செடிக்கு ஒரு காலடியே பெருந்துன்பம். மிதிபட்ட மண் இறுகிவிட்டால் அங்கே நீர் ஊறுவதும் விதை முளைப்பதும் குறையும். புகைப்படம் எடுக்கப் பூக்களின் நடுவே படுப்பவர் எழுந்த பிறகு அந்த இடம் ஒரு வட்டமாகச் சிதைந்து கிடக்கும். இவ்விடம் பெயர்பெற்ற பின்பு, விடுமுறை நாட்களில் வரும் வண்டிகளின் எண்ணிக்கை மலை தாங்கும் அளவை மீறியது. அதனால் பூக்காலத்தில் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும், முன்பதிவும், நுழைவுக் கட்டணமும் ஏற்பட்டன. வாயிலில் சீட்டைச் சரிபார்த்து, பாதை காட்டி, பூவின் பெயர் சொல்வோர் பெரும்பாலும் காஸ் முதலிய சுற்றூர்களைச் சேர்ந்தவர்கள். வனத்துறையோடு இணைந்த கிராமக் குழுக்கள் இக்காவலை ஏற்றுள்ளன. கட்டண வருவாய் அதற்குப் பயன்படுகின்றது.

இக்காவலில் ஒரு நுட்பமான சிக்கலும் எழுந்தது. கூட்டத்தைத் தடுக்க மேடையைச் சுற்றிக் கம்பிவேலி அமைத்தனர். கூட்டத்தோடு ஊர் மாடுகளும் தடைப்பட்டன. மாடு மேயாத இடத்தில் புல் ஓங்கி வளர்ந்து சிறு பூக்களின் வெயிலை மறைக்கின்றது என்ற கருத்து ஆராய்ச்சியாளரிடையும் ஊராரிடையும் தோன்றியது. தலைமுறை தலைமுறையாக இங்கே மாடு மேய்த்தவர், தாம் அறியாமலே பூக்களுக்கு இடம் ஒதுக்கி வந்துள்ளனர் என்பது இதன் கருத்து. எனவே காஸ் மேடையை மனிதன் தொடாத இயற்கை என்று சொல்வது பொருந்தாது. மழையும் பாறையும் மாடும் மாடு மேய்ப்பவரும் சேர்ந்து வைத்திருக்கும் தோட்டம் இது.

அணைக்கரை ஊர்கள்

பூக்களைக் கண்டதோடு திரும்பிவிடுவோர் பலர். நாம் மேலும் சிறிது தூரம் செல்வோம். மேடையை அடுத்துக் காஸ் ஏரி. சாத்தாரா நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரி இது. அதைத் தாண்டிச் சாலை மேற்கே இறங்கினால் பாம்னோலி என்னும் சிற்றூர். அங்கே சாலை நின்று, நீர் தொடங்குகின்றது. மலைகளுக்கிடையே நெடுந்தூரம் வளைந்து கிடக்கும் இந்நீர், கொய்னா அணையின் தேக்கமான சிவசாகரம். எதிர்க்கரைக் காட்டுக்கும் வாசோட்டாக் கோட்டைக்கும் இங்கிருந்து படகில் செல்வர். அதற்குத் தனி அனுமதியும் முழு நாளும் வேண்டும். நம் பயணத்தில் அது அடங்காது. படகுத்துறையில் அமர்ந்து நீரைப் பார்ப்பதே போதும்.

இந்நீரின் அடியில் ஊர்கள் இருக்கின்றன. 1950-களில் தொடங்கி 1960-களில் நிறைவுற்ற கொய்னா அணை 103 மீட்டர் உயரமுடையது. கிழக்கே ஓடிக் கராட் நகரில் கிருஷ்ணையோடு கலக்க வேண்டிய ஆற்றைத் தேக்கி, அதன் நீரின் பெரும்பகுதியை மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே மேற்கே கொங்கணத்துக்கு விழச் செய்து மின்சாரம் எடுக்கின்றனர். அதன் மொத்த ஆற்றல் 1,960 மெகாவாட். மகாராஷ்டிரத்தின் தொழில் வளர்ச்சிக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. மும்பையிலும் புனேயிலும் நமக்கு வேலை தந்த ஆலைகளின் சக்கரங்களை இம்மின்சாரமும் சேர்ந்தே சுழற்றியது. அதற்காகப் பள்ளத்தாக்கின் நெல்வயலையும் வீட்டையும் கோயிலையும் நீருக்கு விட்டு எழுந்தவர்கள் இந்த மலைமக்கள். சிலர் தொலைவிலுள்ள மாவட்டங்களில் குடியேறினர். சிலர் கரைமேல் ஏறிச் சரிவிலேயே தங்கினர். 1967 டிசம்பர் 11-ஆம் நாள் விடியுமுன் கொய்னா நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். பெரிய நீர்த்தேக்கத்தின் பாரம் நிலநடுக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதற்கு உலக விஞ்ஞானிகள் இன்றும் இதனை எடுத்துக்காட்டுகின்றனர்.

இச்சரிவுகளில் கேழ்வரகு விளைகின்றது. இங்கே அதன் பெயர் 'நாச்ணி'. விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாமையால் வீட்டுக்கு ஓர் ஆண்மகனேனும் மும்பைக்குப் போவது வழக்கமாயிற்று. மும்பைச் சந்தைகளில் மூட்டை சுமக்கும் மாதாடித் தொழிலாளருள் பலர் சாத்தாரா மாவட்டத்தினர். ஆகவே இவ்வூர்களில் பெரும்பாலும் காண்பது முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையுமே. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இம்மாநிலத்தில் உழைக்கும் நமக்கு இந்நிலை விளங்காததன்று. நாம் விட்டுவந்த ஊரிலும் திண்ணையில் முதியோர்தாம் அமர்ந்திருக்கின்றனர்.

ஊராரோடு உறவு

பாம்னோலியிலும் வழியிலும் எளிய உணவுக்கடைகள் உண்டு. சூடான பாக்ரி ரொட்டி, கடலைமாவில் செய்த பிட்லா, பச்சைமிளகாய் இடித்த டேச்சா ஆகியவை கிடைக்கும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வேளையேனும் இக்கடைகளில் உண்பது நன்று. பூவைப் பார்க்க வருவோர் தரும் காசு வாயிலோடு நின்றுவிடாமல் அடுப்பங்கரை வரை போய்ச் சேர அதுவே வழி.

பேச மராத்தி நிறைய வேண்டும் என்பதில்லை. வயதான அம்மையாரை 'ஆஜி' என்றும், நடுவயதினரை 'மாவ்ஷி' என்றும், ஆடவரைக் 'காகா' அல்லது 'தாதா' என்றும் அழைத்தால் முகம் மலரும். 'அக்கா', 'அண்ணா' என்னும் சொற்கள் மராத்தியிலும் மரியாதையோடு வழங்குகின்றன. அவற்றை மாற்றாமலே பேசலாம். முற்றத்தில் காயும் நாச்ணியைக் காட்டி, 'எங்கள் ஊரில் இதைக் கூழாகக் காய்ச்சுவோம்' என்று சொன்னால் உரையாடல் தானே வளரும். வீட்டையும் பெண்களையும் கேளாமல் படம் எடுத்தல் கூடாது.

சில குறிப்புகள்

ஆகஸ்டுக் கடைசி முதல் அக்டோபர்த் தொடக்கம் வரை பூக்காலம் எனலாம். முன்பதிவு செய்துகொண்டு செல்க. சனி, ஞாயிறுகளைத் தவிர்த்து வார நாளில் விடுமுறை எடுக்கக்கூடியவர் அவ்வாறே செய்வது தமக்கும் மலைக்கும் நலம். மேடையில் காற்று மிகுதி; குடை நில்லாது, மழையங்கி வேண்டும். ஈரப்பாறை வழுக்கும், பிடிப்புள்ள காலணி அணிக. உணவை மேடைமேல் பிரிக்காமல் கீழே வந்து உண்க. கொண்டுபோன இலையும் உறையும் நம்மோடு திரும்பி வரட்டும். எரிபொருளைச் சாத்தாராவிலேயே நிரப்பிக்கொள்க. பாம்னோலியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் புறப்பட்டால், மேகம் இறங்கி வழி மறையுமுன் மலையைக் கடந்து, இரவு உணவுக்குப் புனே சேரலாம். போகவரச் சுமார் 300 கிலோமீட்டர்.

ஒரு பூவைப் பறித்து நூலேட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள். அவர்களிடம் 'கூடாது' என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். விரற்கடை மண்ணில் அச்செடி எவ்வாறு பிழைக்கின்றது என்பதையும், அந்தப் பூ விதையாக விழுந்தால்தான் அடுத்த ஆண்டு மழையில் அந்த இடம் மறுபடியும் ஊதாவாகும் என்பதையும் அருகே அமர்ந்து காட்டுக. காரணம் அறிந்த குழந்தையின் கை தானே பின்வாங்கும்.